மெல்லாமல் விழுங்கிய களி

கேழ்வரகுக் களியை மென்று தின்பவர்களைப் பற்றி என் பெரியப்பாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. களி விழுங்குவதற்கு உரியது. உருண்டையிலிருந்து ஒரு பிடி கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, அந்தக் குழியில் குழம்பை வாங்கிக்கொண்டு, நாக்கில் வைத்த மாத்திரத்தில் தொண்டைக்குள் அனுப்பிவிட வேண்டும். பல்லில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று மற்றவர்கள் காரணம் சொல்வார்கள். பெரியப்பாவின் கட்சி அதுவல்ல. மென்று தின்பவன் கீழ்நாட்டான், விழுங்கத் தெரிந்தவன் மலைக்காரன், அவ்வளவுதான். எங்கள் மலையைச் சேர்ந்த அரியூர் நாட்டில் தன்னைப் போல் களி விழுங்க ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா சொன்னதை மறுக்கிற வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை.

அவர் என் அப்பாவுக்கு அண்ணன். வாட்டசாட்டமான ஆள். குச்சிக்கிழங்கு மூட்டையை யாரும் கை கொடுக்காமல் தானே தூக்கி லாரியில் போடுவார். பெரியம்மா அக்காவைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவைத் தூக்கி வளர்த்தது அப்போது புதுப்பெண்ணாக வந்திருந்த என் அம்மாதான். நான் வெகு வருஷம் கழித்துப் பிறந்தவள். பெரியப்பாவின் வீடும் எங்கள் வீடும் ஒரே வாசலைப் பார்த்தபடி இருந்தன. அவருக்குத் தூக்கம் அங்கே, சாப்பாடு எங்கள் வீட்டில். இத்தனை வருஷமாக அம்மா ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டவர், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பகை ஒன்றும் இல்லை. எல்லாம் மரியாதைதான். கணவனின் அண்ணனோடு தம்பி பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துக் கட்டுப்பாடு. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அம்மா வரமாட்டாள். அம்மா நிற்கும் பக்கம் அவர் திரும்ப மாட்டார். ஆனால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்குத்தான் நான் இருந்தேன்.

"கண்ணு, பெரியப்பாவ இன்னொரு உருண்ட வெச்சுக்கச் சொல்லு" என்று சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொல்வாள். அவருக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் அவர் பக்கம் திரும்பி, "பெரியப்பா, இன்னொரு உருண்ட வெச்சுக்குவீங்களாமா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. "போதும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி" என்பார். நான் இந்தப் பக்கம் திரும்புவேன். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அவர் கோழிகளோடு பேசுவார். "மழ வர்றாப்ல இருக்குது. காயப் போட்ட மொளவ அள்ளுனாத் தேவல" என்று வாசலில் மேய்கிற கோழியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அம்மா வந்து மிளகை அள்ளுவாள். இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பெருமை. கோழியைவிட நான் உசத்தி என்பதில் சந்தேகமே இல்லை. சில சமயம் என் சொந்தச் சரக்கையும் சேர்த்து, "பெரியப்பா, எனக்கு மிட்டாய் வாங்கித் தரச் சொன்னாங்க அம்மா" என்று சொல்லிப் பார்ப்பேன். அதுவும் நடந்திருக்கிறது.

அம்மா எங்கள் ஊர்ப் பால்வாடியில் உதவியாளராக இருந்தாள். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிளறிக் கொடுப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள் வேலை. அந்த வருஷம் கீழே டவுனில் ஒரு பயிற்சி என்று கூப்பிட்டார்கள். போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பியவள் முகத்தில் தனிக் களை. அங்கே ரப்பர் பொம்மை ஒன்றை வைத்து, தொண்டையில் சோறோ காசோ மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று காட்டினார்களாம்.

"நம்மளும் அதப் பண்ணிப் பாக்கலாமா கண்ணு?" என்றாள். எங்கள் வீட்டில் ரப்பர் பொம்மை இல்லை. ஆகவே நான் பொம்மையானேன்.

என்னைக் குனிய வைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் அடிப்பகுதியால் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தட்டினாள். பிறகு பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் மேலேயும் இழுப்பதுபோல் பாவனை செய்தாள். எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருந்தது. உருண்டு உருண்டு சிரித்தேன். "சிரிக்காத. சத்தம் வந்தா விட்டுரு, இருமட்டும். சத்தமே வரலீன்னாத்தான் இது. தண்ணி குடுக்கப்படாது, வாய்க்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம வெரல விடப்படாது" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். மறந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். அடுத்த சில நாட்களும் அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டாள். அப்பா பார்த்துவிட்டு, "புள்ளைய என்னத்துக்கு மாவாட்டம் பெசையற?" என்று கேலி செய்தார்.

அக்காவைப் பெண் கேட்டு வந்தது அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் சனம். மலையிலிருந்து இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக்கொண்டவர்கள். மாப்பிள்ளையின் அப்பா கட்டட மேஸ்திரி. அவரும் அவர் மனைவியும் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அத்தை வந்திருந்தாள், அதாவது அப்பாவின் அக்கா. அத்தை இருக்கிற இடத்தில் அமைதி இருக்காது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் சும்மா சாப்பிட்டுவிட மாட்டார்கள். காப்பித் தண்ணி குடிக்கலாம். ஆனால் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அதைத்தான் கை நனைப்பது என்பார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்து, "அப்பறமென்ன, கை நனைச்சரலாங்க" என்று மேஸ்திரி சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வாழை இலை விரிந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, சாமைச் சோறு, எல்லாவற்றுக்கும் முன்னால் களி. விருந்தாளிக்குக் களி வேண்டாம் என்று அம்மா என் வழியாகச் சொல்லிப் பார்த்தாள். "மலைக்கு வந்து களி திங்காமப் போனாங்கன்னு பேச்சு வரப்படாதுன்னு சொல்லு" என்று பெரியப்பா என் வழியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மேஸ்திரியின் இலையில் களி உருண்டை விழுந்தது. அவர் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கீழே போய் இட்லியும் பரோட்டாவும் பழகிவிட்ட மனிதர். "வழக்கம் வுட்டுப் போச்சுங்க. மென்னு தின்னாப் பரவால்லீங்களா?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"மெல்றதாவது! பாருங்க, இப்படி" என்று பெரியப்பா உற்சாகமாகச் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். விருந்தாளிகள் இன்னும் இலையில் கை வைக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம். அவரும் எங்கள் எல்லோரையும் பார்த்தார், களியைப் பார்க்கவில்லை. பெரிய பிடியாகக் கிள்ளிக் குழி செய்து குழம்பில் முக்கினார். அந்தக் குழிக்குள் ஒரு கறித்துண்டும் ஏறிக்கொண்டது. கிடாயின் சவ்வுக் கறி, எத்தனை வெந்தாலும் ரப்பர் மாதிரி இருக்கும். "நாக்குல வெச்சதும் தெரியப்படாதுங்க, அது பாட்டுக்கு..." என்று பேசிக்கொண்டே வாயில் போட்டு விழுங்கினார். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

முதலில் நாங்கள் அதைப் பாடத்தின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டோம். கண்ணைப் பெரிதாக்கிக் கழுத்தை நீட்டிக் காட்டுகிறார், அடுத்து ஏதோ சொல்லப் போகிறார் என்று மேஸ்திரி மரியாதையாகக் காத்திருந்தார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. கை மெல்ல மேலே போய்க் கழுத்தைப் பிடித்தது.

"பொறையேறிருச்சு!" என்று அத்தை எழுந்தாள். ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினாள். "ஆரோ நெனைக்கறாங்க. ஆரு? வாசலூர்பட்டிச் சித்தியாத்தான் இருக்கும், அவளக் கூப்புடலைன்னு நெனச்சுக்கிட்டு இருப்பா" என்றாள். மேஸ்திரியும் தன் பங்குக்கு, "எங்கூட்டுல பையன் நெனைப்பானுங்க" என்று சிரித்தார். தலையில் தட்டுவதும் நினைப்பவர் யார் என்று ஆராய்வதுமாக நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அத்தை சொம்புத் தண்ணீரை வாயில் சாய்த்தாள். அது உள்ளே போகவில்லை, மூக்கு வழியாகவும் வாய் ஓரமாகவும் திரும்பி வேட்டியில் வழிந்தது.

அப்போதுதான் அப்பா பயந்தார். அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மீன் முள் மாட்டினால் எங்கள் வீட்டில் ஒரு உருண்டைக் களியை விழுங்கச் சொல்வார்கள். களி முள்ளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. அப்பா இலையிலிருந்து இன்னொரு பிடி களியை அள்ளி உருட்டி, "இத முழுங்குங்கண்ணா, உள்ள தள்ளீரும்" என்று அண்ணன் வாயருகே கொண்டு போனார். மூச்சு போகிற வழியை அடைத்திருப்பதன் மேல் இன்னொரு அடைப்பு.

"வேண்டாம்!" என்று சமையலறைக் கதவிலிருந்து குரல் வந்தது. அம்மா அந்தச் சத்தத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்கு அடுத்து அம்மா செய்ததை இன்று நினைத்தாலும் எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. கதவுக்குப் பின்னால் நின்றபடியே அவள் சொன்னாள், "கண்ணு, பெரியப்பாவ இருமச் சொல்லு."

நான் என் கடமையைச் செய்தேன். அவர் முன்னால் போய் நின்று, "பெரியப்பா, இருமுவீங்களாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் எந்தப் பெரிய மனிதரிடமும் பார்த்ததில்லை. வாய் திறந்திருந்தது. இருமல் வரவில்லை. ஒரு சின்ன முனகல்கூட வரவில்லை.

"சத்தமே வரலம்மா" என்றேன்.

"ஏனுங்க, பின்னால போங்க. குனிய வெச்சு முதுவுல ஓங்கி அடிங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா தடுமாறி எழுந்து நின்றார். அப்பா பின்னால் போனார், கையை ஓங்கினார். அவர் அண்ணன் முன்னால் நாற்காலியில் உட்காராதவர், மேல்துண்டைத் தோளில் போடாதவர். ஓங்கிய கை இறங்கும்போது சாமி படத்தின் தூசியைத் தட்டுவது போலத் தட்டியது. "இன்னும் பலமா!" என்றாள் அம்மா. "அண்ணன எப்பிடிப் புள்ள அடிக்கறது..." என்று அப்பா அழுதார். "அப்ப வவுத்தச் சுத்திக் கட்டிப் புடிச்சு அமுக்குங்க!" அப்பா கட்டிப் பிடித்தார், ஆனால் நெஞ்சுக்கு மேலே. ஊருக்குப் போகிறவரை வழியனுப்புவது போல இருந்ததே தவிர அமுக்கவில்லை. பெரியப்பாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. முட்டி மடங்கத் தொடங்கியது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். உள்ளறையிலிருந்து அக்கா, "அப்பா!" என்று அலறினாள். அவர் செத்துப்போகப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா கதவைத் தாண்டி வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். விரித்திருந்த இலையை மிதித்துக்கொண்டே வந்து அப்பாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டாள். பெரியப்பாவைக் குனிய வைத்து முதுகில் அறைந்தாள். துணி துவைக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. வரவில்லை. மறுபடி அறைந்தாள். அதற்கும் வரவில்லை. பிறகு பின்னால் ஒட்டி நின்று, தன் முகம் அவர் முதுகில் பதிய, இரண்டு கைகளாலும் அந்தப் பெரிய வயிற்றைச் சுற்றி வளைத்தாள். கை எட்டுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. எட்டியது. தொப்புளுக்கு மேலே முஷ்டி. என் மேல் பழகிய அதே இடம்தான், ஆனால் இப்போது பாவனை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயும் மேலேயும் இழுத்தாள். அவர் கால் தரையை விட்டு எழும்பியது போல எனக்குத் தோன்றியது. விட்டு விட்டு இழுத்தாள். "வா... வந்துரு..." என்று முனகிக்கொண்டே இழுத்தாள். அவரிடமா சொன்னாள், கறித்துண்டிடமா சொன்னாள் என்று தெரியவில்லை.

சட்டென்று ஏதோ தெறித்தது. கறித்துண்டு வாசற்படி வரைக்கும் போய் விழுந்தது. பெரியப்பா ஊளையிடுவது போல மூச்சை இழுத்தார். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு இருமினார், இருமினார், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட இருமினார். "சத்தம் வருதும்மா!" என்று நான் குதித்தேன். வாசலில் நின்ற கோழி ஒன்று அந்தத் துண்டைக் கொத்திக்கொண்டு ஓடிவிட்டது.

அம்மா இன்னும் அவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவர் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று முதுகில் காதை வைத்திருந்தாள். பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். நெருப்பைத் தொட்டவள் போலக் கைகளை எடுத்தாள். செருகிய முந்தானையை உருவித் தலையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

உயிர் பிழைத்த வீட்டில் இப்படி ஒரு அமைதி எதற்கு என்று நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். மேஸ்திரி தன் மனைவியைப் பார்த்தார். அவர்கள் இலையில் களி தொடப்படாமல் இருந்தது. சம்பந்தம் பேசி முடித்து இலையில் உட்கார்ந்த நேரத்தில் உயிர் போகப் பார்த்து, தம்பி பெண்டாட்டி கணவனின் அண்ணனைத் தொடவும் நேர்ந்தால் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அக்கா உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இலையையே பார்த்தாள்.

மேஸ்திரியின் மனைவி தன் இலையைச் சரிசெய்துகொண்டார். "என்னங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கறீங்க? மனுசன் பொழச்சுட்டாரு. களி ஆறுது, கைய நனைங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, ஒரு பிடி கிள்ளிக் குழம்பில் தொட்டு வாயில் போட்டார். "நான் மென்னுதான் திம்பேனுங்க, ஆரும் கோவிச்சுக்கப்படாது" என்றார். பேச முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்த பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். களியை மென்று தின்ற ஒருவருக்கு அவர் கும்பிடு போட்டது அதுதான் முதல் தடவை. அக்கா உள்ளே உட்கார்ந்து அழுதாள்.

மேஸ்திரியின் மனைவிதான், டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது, தங்கள் வேனிலேயே கீழே போய்விடலாம் என்றும் சொன்னவர். "செஞ்சவங்களும் வரட்டும், டாக்டரு கேப்பாங்கல்ல" என்று அம்மாவையும் ஏறச் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் அத்தை எங்களைச் சமையலறையில் கூட்டி வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆராச்சும் கேட்டாத் தம்பிதான் அமுக்குனான்னு சொல்லீருங்க. ஊரு வாய மூட முடியாது. வேற மாதிரி பேசுவாங்க" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அப்படியே சொல்லிக்கலாமுங்க அண்ணி" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா ஒண்ணுமே பண்ணல, நீதான பண்ணுன!" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அநியாயம் என்று அப்போது நினைத்தேன். அநியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

வேன் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியது. பெரியப்பாவும் அப்பாவும் முன்னால், அம்மா கடைசி சீட்டில், நான் வழக்கம்போல நடுவில். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். தொண்டையில் சிராய்ப்புதான், விலா ஓரத்தில் கன்றியிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை, ரெண்டு நாளைக்குக் கஞ்சியாகக் குடிக்கட்டும் என்றார். "நல்ல வேளை பண்ணினாங்க. லேட்டாகியிருந்தா இங்க கூட்டிட்டு வந்தே பிரயோஜனம் இல்ல. யாரு பண்ணது?"

"நானுங்க" என்றார் அப்பா.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அங்கே நின்ற நர்ஸ் பெண்களைக் கூப்பிட்டார். "எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க, இவங்களும் பாக்கட்டும்." அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. தப்பிக்க வழி தேடிச் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் அகப்படாததால் என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, பின்னாலிருந்து நெஞ்சைச் சுற்றிக் கையைப் போட்டார்.

எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி பொறுத்துக்கொள்வது? "அங்க இல்லீங்கப்பா! தொப்புளுக்கு மேல!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் பெண்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவின் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் இல்லீங்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. பெரியப்பாவின் குரல் என்றே தெரியாத அளவுக்குக் கரகரத்துப் போயிருந்தது. "எம்மேல கை வெக்க அவனுக்குப் பயமுங்க. அவன் பொண்டாட்டிதானுங்க பண்ணுனது. எங்கூட்டுப் புள்ளதானுங்க."

அறை வாசலில் கதவோரமாக நின்றிருந்த அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "நீங்களாம்மா? எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க!" என்றார். பிறகு பெரியப்பாவிடம், உரிமையோடு அதட்டுவது போல, "உயிரக் காப்பாத்துனவங்களுக்கு ஒரு வார்த்த சொன்னீங்களாய்யா?" என்று கேட்டார். பாவம், அவர் வெளியூர்க்காரர். எங்கள் கட்டுப்பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா அம்மா நிற்கும் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தார், மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். அங்கே கோழியும் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்தார். "கண்ணு" என்றார். "உங்கம்மாகிட்ட..."

அதற்கு மேல் வரவில்லை. நான் கட்டிலருகே போய் நின்றேன். "என்னன்னு சொல்லட்டுங்க பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். துண்டுக்குள் அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. மறுபடியும் ஏதாவது மாட்டிக்கொண்டதோ என்று பயந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

அவர் சொல்வதாகத் தெரியவில்லை. அம்மாவிடம் போய், "பெரியப்பா ஒண்ணுமே சொல்லலம்மா" என்றேன்.

"சொல்லிட்டாரு கண்ணு" என்றாள் அம்மா. அவள் முகமும் முந்தானைக்குள் இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் நின்றது நான். என்னைத் தாண்டி ஒரு வார்த்தையும் போகவில்லை என்பது எனக்கு நிச்சயம். கிளம்பும்போது ஒரு பொய், இப்போது இன்னொரு பொய் என்று அம்மாவின் மேல் ஆத்திரமாக வந்தது. மலைக்குத் திரும்பிய பஸ்ஸில், "என்ன சொன்னாரு? எப்பச் சொன்னாரு?" என்று அவளைப் பிடுங்கி எடுத்தேன். இரண்டு சீட்டுக்கு முன்னால் பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அம்மா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, பேசாமல் தூங்கச் சொன்னாள்.